பொலிஸ் பிழை விட்டா யாரிட்டப் போறது? யாழ்ப்பாணத்துச் சனம் திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

நான் லோயர் இல்லை. எங்கட பக்கத்துச் சனத்துக்கு மனு, முறைப்பாட்டுக் கடிதம் எண்டு கன வருசமா எழுதிக் குடுக்கிறனான். கோப்பாயில இருந்து வாறவையும் நெடுந்தீவில இருந்து வள்ளமேறி வாறவையும் கேக்கிறது அநேகமா ஒரே கேள்வியள் தான், அதால ஒருக்கா எல்லாத்தையும் சேத்து எழுதி வைப்பம் எண்டு நினைச்சன். வழக்குக்குப் போறதெண்டா கட்டாயம் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கோ. காசில்லையெண்டா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வெக்கப்படாமப் போங்கோ.

கேள்வி: பெடியனை வீட்டில வந்து பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டினம். இப்ப, இந்த நிமிசம், என்ன செய்யிறது?

முதல் வேலை நேரத்தை எழுதுறது. எத்தனை மணிக்கு வந்தவை, எத்தனை பேர், யூனிபோர்ம் போட்டிருந்தவையோ சிவிலோ, வாகன நம்பர், எந்த ஸ்டேசன் எண்டு சொன்னவை, இதெல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்கோ. அழுகை பிறகு. ஏன் இதைச் சொல்லுறன் எண்டா, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 37ஆம் பிரிவுப்படி, பிடிச்ச ஆளை 24 மணித்தியாலத்துக்கு மேல, பயண நேரம் போக, நீதவானிட்டக் கொண்டு போகாம வைச்சிருக்கேலாது. அந்த 24 எப்ப தொடங்கினது எண்டதில தான் அரைவாசிச் சண்டை நடக்கும். விடிய 5 மணிக்குக் கொண்டு போன பெடியனை பின்னேரம் 6 மணிக்குப் பிடிச்சதா புத்தகத்தில எழுதினா, உங்கட கொப்பி மட்டும் தான் சாட்சி.

ஏன் பிடிக்கினம் எண்டு சொல்லித் தான் பிடிக்கோணும், இது அரசியலமைப்பின்ர 13(1). நேர ஸ்டேசனுக்குப் போங்கோ, தனிய போகாதேங்கோ, ரெண்டு பேராப் போங்கோ. லோயர் கூட வந்து கதைக்கலாம், அதுக்கு 2012ஆம் ஆண்டு விதிகளே வந்திருக்கு. "இஞ்ச அப்பிடி ஒருத்தரும் இல்லை" எண்டு சொன்னா அங்கயே நிண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர 1996க்குப் போன் பண்ணுங்கோ. அந்த ஆணைக்குழுவை உருவாக்கின சட்டமும் 1996ஆம் ஆண்டு தான், அதால நம்பர் மறக்காது. அவையின்ர யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் அறிவியுங்கோ. அவையளுக்கு ஸ்டேசனுக்குள்ள போய்ப் பாக்கிற அதிகாரம் இருக்கு, ஒரு போன் கோல் போனாலே உள்ளுக்கை இருக்கிற பெடியனுக்கு விழுற அடி குறையும் எண்டது என்ர அனுபவம்.

போதைப்பொருள் கேஸ், பயங்கரவாதத் தடைச் சட்டக் கேஸ் எண்டா கணக்கு வேற. போதைப்பொருளில நீதவானிட்ட அனுமதி எடுத்துக் கூட நாள் வைச்சிருக்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில மூண்டு மூண்டு மாதமா நீட்டிக் கொண்டு போகலாம், முந்தி 18 மாதம் மட்டும், 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம் மட்டும். ஆனா அந்தச் சட்டத்தில பிடிச்சா 48 மணித்தியாலத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பொலிஸ் அறிவிக்கோணும். அறிவிச்சவையோ எண்டு நீங்கள் தான் போய்க் கேக்கோணும், அவையா வந்து உங்களுக்குச் சொல்ல மாட்டினம்.

கேள்வி: முறைப்பாடு குடுக்கப் போனா என்ட்ரி எடுக்கமாட்டம் எண்டு திருப்பி அனுப்பினம். எடுக்காம விடலாமோ?

விடேலாது. அதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 109ஆம் பிரிவுப்படி சொல்லுறதை எழுதி, வாசிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கோணும். "சமாதானமாப் போங்கோ", "ஓஐசி (ஸ்டேசன் பொறுப்பதிகாரி) இல்லை, நாளைக்கு வாங்கோ" எண்டு சொல்லுறதெல்லாம் ஆளை அலைக்கழிச்சுக் களைக்கப் பண்ணுற வேலை. எழுதினா முறைப்பாட்டு நம்பரும் திகதியும் கேட்டு வாங்குங்கோ. எழுதாட்டி அண்டைக்கே அந்தப் பிரிவுக்குரிய உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு ஒரு கடிதம், "இத்தனையாம் திகதி இத்தனை மணிக்கு வந்தன், முறைப்பாடு ஏற்கப்படேல்லை" எண்டு. இந்த ஒரு வரி பிறகு பெரிய உதவி செய்யும்.

கேள்வி: சிங்களத்தில எழுதிப்போட்டு சைன் வை எண்டு சொல்லினம்...

வைக்காதேங்கோ. இதில நான் கொஞ்சம் கூடக் கதைப்பன், ஏனெண்டா இது என்ர வீட்டிலயே நடந்தது. என்ர பெரியம்மாவின்ர மகன், ஒரு அக்சிடென்ட் கேஸ், அவன்ர பிழையே இல்லை. ஒரு ஸ்டேசனில ரெண்டு பக்கம் சிங்களத்தில எழுதி, "நீ சொன்னதைத் தான் எழுதியிருக்கு, சைன் வைச்சா வீட்ட போகலாம்" எண்டிருக்கினம். வீட்ட போற ஆசையில வைச்சிட்டான். மூண்டு மாதத்தால கோர்ட்டில அதை மொழிபெயர்த்து வாசிக்கேக்க தான் தெரியுது, தான் வேகமா வந்ததா அவனே ஒத்துக்கொண்ட மாதிரிக் கிடக்கு. எழுதின பொலிஸ்காரன் வேணுமெண்டு செய்தாரோ, தமிழ் விளங்காம செய்தாரோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டில எது எண்டாலும் பெடியனுக்கு வந்த பாதிப்பு ஒண்டு தானே.

சட்டம் என்ன சொல்லுதெண்டா, முறைப்பாட்டை நீங்கள் சொல்லுற மொழியிலயே எழுதோணும். அந்த அதிகாரிக்கு ஏலாட்டி உங்களையே உங்கட மொழியில எழுதித் தரச் சொல்லோணும். வடக்கு கிழக்கில நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பின்ர 22ஆம் உறுப்புரையில கிடக்கு. இது சலுகை இல்லை. "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, நான் தமிழில எழுதித் தாறன்" எண்டு மரியாதையா, ஆனா உறுதியா சொல்லுங்கோ. எப்பிடியும் சைன் வைக்கச் சொல்லி நெருக்கினா கையெழுத்துக்கு மேல தமிழில "எனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டது" எண்டு எழுதிப்போட்டு வையுங்கோ. பிறகு அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில வந்த ஆணைக்குழு அது.

கேள்வி: அடிச்சவை. வெளியில வந்திட்டம். காயம் ஆறமுந்தி என்ன செய்யோணும்?

ஆஸ்பத்திரி. பிரைவேட் இல்லை, அரச ஆஸ்பத்திரி. யாழ் போதனா வைத்தியசாலையில அட்மிட் ஆகி, டொக்டரிட்ட "பொலிஸ் அடிச்சது" எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ. "விழுந்திட்டன்" எண்டு பயத்தில சொன்னா அது டிக்கற்றில, அதாவது ஆஸ்பத்திரிக் குறிப்பில, அப்பிடியே ஏறும், பேந்து அழிக்கேலாது. சட்ட வைத்திய அதிகாரியிட்டக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. உள்ளுக்கை இருக்கிற ஆள் எண்டா, நீதவானுக்கு முன்னால கொண்டு வரேக்க லோயர் எழும்பிச் சொல்லோணும், லோயர் இல்லாட்டி ஆளே சொல்லோணும், "ஐயா எனக்கு அடிச்சவை, வைத்தியரிட்டக் காட்டோணும்" எண்டு. நீதவான் கட்டளை போட்டா பொலிஸ் கொண்டு போய்க் காட்டித் தான் ஆகோணும்.

கேள்வி: காலாகாலமா ஏன் அடிச்சுக் கொண்டே இருக்கினம்? இவைக்கு ட்ரெய்னிங் எண்டு ஒண்டும் குடுக்கிறேல்லையோ?

குடுக்கினம். களுத்துறை கட்டுக்குருந்தையில பொலிஸ் கல்லூரி இருக்கு. சட்டமும் சொல்லிக் குடுக்கினம், மனித உரிமையும் சொல்லிக் குடுக்கினம். பிரச்சினை அங்க பாடம் இல்லாததில்லை. படிச்ச பெடியன் முதல் நாள் ஸ்டேசனுக்கு வாறான், அங்க கிறைம் பிராஞ்சில இருபது வருசமா இருக்கிற சார்ஜன்ட் என்ன செய்யிறார் எண்டு பாக்கிறான், அது தான் அவன்ர உண்மையான ட்ரெய்னிங். கல்லூரியில "அடிக்காதே" எண்டு எழுதின கொப்பி பெட்டிக்குள்ள கிடக்கும்.

இன்னொரு விசயமும் இருக்கு, இதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை. எங்கட சான்றுக் கட்டளைச் சட்டத்தின்ர 25ஆம் பிரிவுப்படி, சாதாரண கேஸில பொலிஸிட்டக் குடுத்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில செல்லாது. அப்ப ஏன் அடிக்கினம் எண்டு கேப்பியள். 27ஆம் பிரிவில ஒரு சின்னக் கதவு திறந்து கிடக்கு. "இந்த இடத்தில நகையைத் தாட்டு வைச்சனான்" எண்டு ஆள் சொல்லி, அங்க போய் நகையை எடுத்தா, அந்த அளவு பேச்சு மட்டும் செல்லும். அதால "சாமான் எங்க, சாமான் எங்க" எண்டு தான் அடி விழும். களவுக் கேஸில பிடிபட்டவைக்கு ஏன் கூட அடி எண்டு இப்ப விளங்குதோ? பயங்கரவாதத் தடைச் சட்டத்தில இன்னும் மோசம், அதில உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிட்டச் சொன்ன ஒப்புதலே சாட்சி. 1979இல வந்த அந்தச் சட்டத்தின்ர 16ஆம் பிரிவால எங்கட எத்தனை பெடியள் தங்களுக்கு விளங்காத கடதாசியால வருசக்கணக்கா உள்ளுக்கை இருந்தவை எண்டு இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ட்ரெய்னிங் எண்டா மனித உரிமை லெக்சர் ரெண்டு மணித்தியாலம் இல்லை. கைரேகை எடுக்கிறது, சிசிடிவி தேடுறது, போன் ரெக்கோட் பாக்கிறது, சாட்சியை அமைதியா இருத்தி வடிவாக் கேள்வி கேக்கிறது, இதுகளைப் பழக்கோணும். இங்கிலாந்தில 1990களின்ர தொடக்கத்தில ஒப்புக்கொள்ள வைக்கிற விசாரணையை விட்டுட்டு, தகவல் எடுக்கிற விசாரணை முறைக்கு மாறினவை, ஏனெண்டா பொய் ஒப்புதலால அப்பாவியள் மறியலில இருந்தது ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வெளிய வந்தது. அடிக்காமக் கேஸ் முடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு அடிக்க வேண்டி வராது. வேற வழி தெரியாத ஆளுக்கு எத்தனை லெக்சர் குடுத்தாலும், மேல இருந்து "கேஸை முடி, கேஸை முடி" எண்டு போன் வந்தா அவன் பொல்லைத் தான் எடுப்பான்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர் வந்து ட்ரெய்னிங் குடுத்தா சரிவராதோ?

வந்தவை தானே. ஸ்கொட்லாந்துப் பொலிஸ் கன வருசம் எங்கட பொலிசுக்குப் பயிற்சி குடுத்தது. புலம்பெயர்ந்த எங்கட ஆக்கள் விடாமக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவை, "உங்கட பயிற்சியால சித்திரவதை குறைஞ்சதோ?" எண்டு. கடைசியில 2021இல ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேல்லை எண்டு அறிவிச்சு, 2022 மார்ச்சோட நிப்பாட்டினம். பயிற்சி முடிச்சவர் திரும்பப் போய் அடிச்சா அவருக்கு ஒண்டும் நடக்காது எண்டிருக்கேக்க, ஆர் வந்து பயிற்சி குடுத்து என்ன?

கேள்வி: தமிழ்ப் பெடியளைப் பொலிஸில கூடச் சேத்தா எல்லாம் சரியாயிடும் எண்டு சொல்லினமே?

மொழிப் பிரச்சினைக்கு உதவும், கட்டாயம் உதவும். தமிழில கதைக்க ஒரு பெண் பொலிஸ் இருந்தா எங்கட பெட்டையள் வீட்டில அடிவாங்கினதைச் சொல்ல வருவினம். ஆனா அடி மொழி பாக்கிறேல்லை. தெற்கில சிங்களச் சனத்துக்கும் இதே அடி தான் விழுது. எங்கட சனத்துக்கு இதுக்கு மேல ஒரு பழைய பயமும் கிடக்கு. 1981இல எங்கட நூலகம் எரியேக்க பொலிஸ் எங்க நிண்டது எண்டு வீட்டில பெரியாக்கள் சொல்லித் தான் நாங்கள் வளந்தனாங்கள். அதால சேருற தமிழ்ப் பெடியனைத் துரோகி எண்டு பேசாதேங்கோ, அவன் கஸ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை, வேலைக்குப் போறான்.

கேள்வி: பதின்மூண்டாம் திருத்தத்தில மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் இருக்கெண்டு சொல்லினம், அது எங்க?

கடதாசியில, 1987இல இருந்து. நடைமுறைக்கு வரேல்லை.

கேள்வி: தேசிய பொலிஸ் ஆணைக்குழு எண்டு ஒண்டு இருக்காம். அதுக்கு எழுதினா ஏதும் நடக்குமோ?

எழுதுங்கோ. ஆனா அது என்னத்துக்கு எண்டு தெரிஞ்சு எழுதுங்கோ. 2001இல 17ஆம் திருத்தத்தோட வந்தது. பொலிஸ் மா அதிபரைத் தவிர மற்ற பொலிஸ்காரரின்ர நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை இதெல்லாம் அவையின்ர கையில. பொதுமக்களின்ர முறைப்பாட்டை விசாரிக்கிற வழிமுறை வைச்சிருக்கோணும் எண்டும் அரசியலமைப்பே சொல்லுது. பிறகு நடந்ததைப் பாருங்கோ, 2010இல 18ஆம் திருத்தம் அதின்ர பல்லைப் பிடுங்கினது, 2015இல 19 திருப்பிக் குடுத்தது, 2020இல 20 திரும்பப் பிடுங்கினது, 2022இல 21 திரும்பக் குடுத்தது. ஒவ்வொரு அரசாங்கத்துக்கும் ஒவ்வொரு மாதிரி ஆட்டின ஒரு ஆணைக்குழு எப்பிடி நிமிந்து நிக்கும்?

எண்டாலும் ஒழுக்காற்றுக் கோப்பு எண்டது பொலிஸ்காரருக்குப் பயமான சாமான். மறியலுக்குப் போறதை விட, பதவி உயர்வு நிக்கிறது தான் அவைக்குக் கண்ணுக்கு முன்னால தெரியும். விசாரணை பெரும்பாலும் திரும்பப் பொலிசிட்டயே போறது தான் இதில பெரிய குறை. அடிச்சவரோட ஒரே மெஸ்ஸில சாப்பிட்ட ஆள் வந்து விசாரிச்சா என்ன வரும்? அதால அந்த ஸ்டேசனுக்கும், முடிஞ்சா அந்த டிவிசனுக்கும் சம்பந்தமில்லாத அதிகாரி தான் விசாரிக்கோணும் எண்டு கடிதத்திலயே கேளுங்கோ.

கேள்வி: கோர்ட்டுக்குப் போனா? எவ்வளவு நாளுக்குள்ள?

அடிப்படை உரிமை மீறல் எண்டா கொழும்பில உயர் நீதிமன்றம், அரசியலமைப்பின்ர 126ஆம் உறுப்புரை. ஒரு மாதம். ஒரே ஒரு மாதம், இதைச் சுவரில எழுதி வையுங்கோ. எத்தனையோ நல்ல கேஸ் "காயம் மாறட்டும், திருவிழா முடியட்டும்" எண்டு இருந்து காலம் போய்ச் செத்தது. அந்த ஒரு மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறையிட்டா, அங்க விசாரணை நடக்கிற காலம் இந்தக் கணக்கில சேராது. ஆனா அதை மட்டும் நம்பிச் சும்மா இருக்காதேங்கோ, உண்மையா அங்க விசாரணை நடந்ததோ எண்டு நீதிமன்றம் கேக்கும்.

இது நட்டஈட்டுக்கான வழி. தண்டனை வேணுமெண்டா 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டம், குறைஞ்சது 7 வருசம், கூடினது 10. ஆனா அதில சட்டமா அதிபர் தான் மேல் நீதிமன்றத்தில வழக்குப் போடோணும், நீங்கள் போடேலாது. அங்க தான் கோப்புகள் தூங்கிறது.

தூங்காமப் போனதும் இருக்கு. 2011இல சுன்னாகம் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போன ஒரு இளைஞன் செத்துப்போனான். 2017இல யாழ் மேல் நீதிமன்றம் பொலிஸ்காரருக்குச் சித்திரவதைச் சட்டத்தில தண்டனை குடுத்தது. ஆறு வருசம் போனது, ஆனா குடுத்தது. 2016 ஒக்டோபரில குளப்பிட்டியில ரெண்டு கம்பஸ் பெடியள் மோட்டார் சைக்கிளில போகேக்க செத்தவை, முதல் அக்சிடென்ட் எண்டு தான் சொன்னவை, பேந்து உடலில சூட்டுக் காயம் இருக்கெண்டு வெளிய வந்து அஞ்சு பொலிஸ்காரர் கைதானவை. 2023 நவம்பரில வட்டுக்கோட்டையில களவுச் சந்தேகத்தில பிடிச்ச பெடியன் விளக்கமறியலில இருக்கேக்க செத்தான். தனக்கு என்ன செய்தவை எண்டு அவன் தன்ர வாயால சொன்ன வீடியோ ஊரெல்லாம் போனது, நீதவான் அதை மனிதக் கொலை எண்டு சொன்னவர், பொலிஸ்காரர் கைதானவை. கடைசி ரெண்டையும் பாருங்கோ. ஒண்டில உடற்கூற்றுப் பரிசோதனை, ஒண்டில ஒரு வீடியோ. பொலிஸ் எழுதின புத்தகத்துக்கு வெளிய ஒரு ஆதாரம் இருந்த இடத்தில தான் விசயம் அசைஞ்சிருக்கு.

கேள்வி: கீழ இருக்கிற கொன்ஸ்டபிளைப் பிடிப்பினம், பெரிய தலையளுக்கு எங்க நடக்கப்போகுது?

முந்தியெண்டா நானும் அப்பிடித் தான் சொல்லியிருப்பன். 2023 டிசம்பரில உயர் நீதிமன்றம் ஒரு சித்திரவதைக் கேஸில தேசபந்து தென்னக்கோனைப் பொறுப்பாளி எண்டு தீர்ப்புச் சொன்னது. அப்ப அவர் பதில் பொலிஸ் மா அதிபர். அதுக்குப் பிறகும் 2024 பெப்ரவரியில அவரையே பொலிஸ் மா அதிபரா நியமிச்சவை. எனக்கு அண்டைக்கு வந்த கோபம்... ஒரு மூலை ஸ்டேசனில இருக்கிற கொன்ஸ்டபிள் இதில இருந்து என்ன படிப்பான்? ஆனா 2024 ஜூலையில உயர் நீதிமன்றம் அவரை இடைநிறுத்தினது, 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றத்தில 177 வாக்கால நீக்கினவை, எதிர்த்து ஒரு வாக்கும் விழேல்லை. ஒரு பொலிஸ் மா அதிபரைப் பாராளுமன்றம் நீக்கினது இது தான் முதல் தரம். கட்டுக்குருந்தையில நூறு லெக்சர் செய்யாததை இந்த ஒரு நாள் செய்திருக்கும் எண்டு நான் நம்புறன்.

கேள்வி: முறைப்பாடு குடுத்தா திரும்ப வந்து வெருட்டுவினம். பயமாக் கிடக்கு.

பயம் நியாயம். வத்தளையில 2002இல பொலிஸ் ஆள் மாறிப் பிடிச்சு அடிச்ச ஒரு மனுசன் உயர் நீதிமன்றத்தில வெண்டவர், மேல் நீதிமன்றத்தில சாட்சி சொல்லப் போக முந்தி 2004 நவம்பரில அவரைச் சுட்டுக் கொலை செய்தவை. அதுக்குப் பிறகும் பத்து வருசத்துக்கு மேல செண்டு தான், 2015இல, சாட்சிகளைப் பாதுகாக்கிற சட்டமே வந்தது. 2023இல அதுக்குப் பதிலாப் புதுச் சட்டம் ஒண்டு போட்டிருக்கினம். அதின் கீழ பாதுகாப்புக் கேக்கலாம். அதோட தனிய இருக்காதேங்கோ, கோயில் சபை, மாதர் சங்கம், சேர்ச் பாதர், ஊரில மதிப்பான ரெண்டு பேர், ஆருக்காவது விசயம் தெரிஞ்சிருக்கோணும். வெருட்டினா அந்த வெருட்டையும் திகதி போட்டு எழுதி அதே ஆணைக்குழுவுக்கு ரெண்டாவது கடிதமா அனுப்புங்கோ.

கேள்வி: சரி, கடிதத்தில என்ன எழுதோணும்?

ஒண்டரைப் பக்கத்துக்கு மேல வேண்டாம். திகதி, நேரம், இடம், ஸ்டேசன், பொலிஸ்காரரின்ர பெயர் தெரியாட்டி தரமும் தோள் நம்பரும், அதுகும் தெரியாட்டி ஆளின்ர அடையாளம். என்ன நடந்தது எண்டு நடந்த ஒழுங்கில. "மிருகத்தனமா", "காட்டுமிராண்டித்தனமா" எண்டெல்லாம் எழுதாதேங்கோ, எத்தனை அடி, எதால, உடம்பில எந்த இடம் எண்டு எழுதுங்கோ. ஆஸ்பத்திரி டிக்கற் நம்பர், கண்டவையின்ர பெயர், கடைசியில நீங்கள் என்ன கேக்கிறியள் எண்டு ஒரு வரி. தமிழிலயே எழுதுங்கோ, பதிலும் தமிழில கேளுங்கோ. மனித உரிமைகள் ஆணைக்குழு, தேசிய பொலிஸ் ஆணைக்குழு, வட மாகாணத்துக்குப் பொறுப்பான பொலிஸ் அதிகாரி, மூண்டு பேருக்கும் ஒரே நாளில போடுங்கோ, ஆருக்கெல்லாம் போகுதெண்டு கடிதத்துக்குக் கீழயே எழுதிவிடுங்கோ. மூண்டு மாதத்தில பதில் இல்லையெண்டா 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தில "என்ர முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை" எண்டு கேக்கலாம். பதிவுத் தபாலில அனுப்புங்கோ, தபால் கந்தோரில தாற துண்டை கடிதத்தின்ர கொப்பியோட சேத்துப் பின் பண்ணி, ஒரு போட்டோவும் எடுத்து, வெளிநாட்டில இருக்கிற உங்கட சொந்தக்காரர் ஒராளுக்கு வட்ஸ்அப்பில போட்டு வையுங்கோ.